திருப்பிப் போட்ட அட்டை

முந்தாநாள் எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும், தட்டினால் பிளாஸ்டிக். மேலே ஐந்து நட்சத்திரம், கீழே தங்கத் தகட்டில் என் பேர். இரண்டு நாளாக அது அடுப்பு மேடையில் மிக்ஸிக்குப் பின்னால் நின்றது. என் வீட்டுக்காரர் இரண்டு தடவை எடுத்துப் போய் டிவி ஸ்டாண்டில் வைத்தார். இரண்டு தடவையும் நான் எடுத்து வந்து மிக்ஸிக்குப் பின்னால் தள்ளினேன். “அவார்டு குட்த்தா சந்தோசப்படாம இன்னாத்துக்கு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கினு கீற?” என்றார். அவரிடம் என்ன சொல்வது? உன்னிடம்தான் சொல்ல வேண்டும். நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, ஆனால் இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள மேனாம்பேட்டில் வேறு ஆள் இல்லை.

எழுதுவது எனக்குப் புதிதில்லை, உனக்கே தெரியும். எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் டேபிள் மொத்தத்துக்கும் லீவ் லெட்டர் எழுதிக் கொடுத்தது நான்தான். நீ வந்து நின்றால் ஒரே கோரிக்கைதான். “போன தபா வயித்து வலி போட்ட. இந்த தபா கொஞ்சம் நல்ல வியாதியா போடுடி.” நானும் யோசித்து யோசித்து உனக்கு ஒற்றைத் தலைவலி, முதுகுப் பிடிப்பு, கண் வலி என்று எல்லாம் வரவழைத்தேன். நிஜமாகவே உனக்குக் காய்ச்சல் வந்தபோது யாரும் லெட்டர் கேட்கவில்லை.

சரி, கேடயத்துக்கு வருகிறேன். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பக்கம் இரண்டாம் மாடியில் நம் ஆபீஸ் ஹால். வீடு சுத்தம் செய்யும் வேலையை ஆப் மூலமாகக் கொடுக்கிற கம்பெனிக்கு நாம் முதல் நாள் ஃபாரம் நிரப்பப் போனோமே, அதே ஹால். சுவரில் அதே போஸ்டர்தான் இன்னும் இருக்கிறது. நீலச் சட்டை போட்ட ஒரு பெண் போனைக் கையில் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். ‘உங்கள் வேலை, உங்கள் கையில்.’ அந்தப் போஸ்டரைக் கிழிக்க வேண்டும் என்று எனக்கு எத்தனையோ நாள் கை பரபரத்திருக்கிறது. நேற்று வந்தவள் மாதிரி அவள் மட்டும் சிரித்துக்கொண்டே இருக்கிறாள்.

ஐம்பது அறுபது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஏரியா மேனேஜர் மைக்கைப் பிடித்தார். மதுரைப் பக்கத்துக்காரர், நல்ல மனுஷன்தான், எல்லாரையும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். “பழைய கம்ப்ளைன்ட் எல்லாம் எடுத்துப் பார்த்துக்கிட்டிருந்தேன். அதுல ஒண்ணு கம்ப்ளைன்ட் மாதிரியே இல்ல. திட்டு நமக்கு, பாராட்டு அக்காவுக்கு. கேளுங்க” என்று போனைப் பார்த்துப் படித்தார்.

“பூந்தமல்லியில பதினோராவது மாடி. சமையலறையும் ரெண்டு பாத்ரூமும் புக் பண்ணியிருந்தேன். பாதி வேலையில உங்க ஆப் அதை ரத்து பண்ணிடுச்சு. பரவாயில்ல, நீங்க கிளம்புங்கன்னு நான் சொன்னேன். கஸ்தூரி அக்கா கிளம்பல. பாதி சட்டைய யாராவது பெட்டியில போடுவாங்களான்னு கேட்டாங்க. வாசக் கதவுல ஆரம்பிச்ச வேலைய, சுத்திவந்து அதே வாசக் கதவுல முடிச்சாங்க. கைப்பிடிய கடைசியா ஒருதரம் துடைச்சுட்டுத்தான் போனாங்க. இப்படி வேலை செய்றவங்களோட வேலைய எதுக்கு ரத்து பண்ணீங்கன்னு எனக்குத் தெரியணும்.”

ஹால் முழுக்கக் கைதட்டல். பக்கத்தில் இருந்தவள் என் முதுகில் தட்டினாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் அந்தப் பதினோராவது மாடிக்கு வாழ்நாளில் ஏறினதில்லை. கஸ்தூரி என்ற பேரைத் தவிர அந்த வேலையில் என்னுடையது எதுவும் கிடையாது. ‘பாதி சட்டை’ என்று இந்த ஊரில் வேறு யார் சொல்வார்கள்?

செக்கிங் டேபிளில் நமக்கு எதிரெதிர் இடம். சட்டையைக் கையில் எடுத்தால் காலரில் ஆரம்பிப்பாய். தோள், கை, மணிக்கட்டு, பக்கத் தையல், கீழ் மடிப்பு, மறுபக்கம், திரும்பக் காலர். தப்பு இருக்கிற இடத்தில் சின்ன அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவாய். அவசரம் என்று சூப்பர்வைசர் கத்தினாலும் பாதிச் சட்டையை நீ கீழே வைத்ததில்லை. வேறு வேலைக்கு மாறின பிறகும் அதே கணக்குத்தான். வீட்டின் வாசல் கதவு உனக்குக் காலர். அங்கே ஆரம்பித்து, வலப்பக்கமாகவே சுவரை ஒட்டிப் போய், திரும்ப அங்கேயே வந்து நிற்க வேண்டும். நான் கண்ட இடத்தில் ஆரம்பித்துக் கண்ட இடத்தில் முடிப்பேன். “நீ தொடைக்கிறது, நாயி ஊட்ட சுத்துற மாரி கீதுடி” என்று சிரிப்பாய்.

எக்ஸ்போர்ட் கம்பெனியை மூடினார்கள். ஆர்டர் இல்லை என்றார்கள். ஆறு மாசம் நாம் இரண்டு பேரும் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். அப்புறம்தான் அந்த நீலச் சட்டை வண்டி நம் தெருவுக்குள் மைக் கட்டிக்கொண்டு வந்தது. போன் இருந்தால் போதும், படிப்பு வேண்டாம், நேரம் உங்கள் இஷ்டம். நீதான் என் வீட்டுக்கு ஓடி வந்தாய். “இன்னாடி, பாதி நாள் வேலை பண்ணா போதுமாம், கழுத்துல மாட்ட போட்டோ போட்ட அட்டையெல்லாம் குடுப்பாங்களாம்.” அட்டை மேல் உனக்கு அவ்வளவு ஆசை. பழைய கம்பெனியை மூடின பிறகும் அதன் அட்டையை பீரோவில் புடவைக்கு நடுவில் வைத்திருந்தவள் நீ.

அன்றைக்கு ஆபீசில் நடந்ததை எத்தனை தடவை நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை. ஃபாரம் நிரப்பினதும் ஆதார் அட்டையில் இருக்கிற போன் நம்பருக்கு ஆறு இலக்கம் வரும், அதைச் சொன்னால்தான் பதிவு ஆகும். எனக்கு டொக்கென்று வந்தது. சொன்னேன், முடிந்தது. உனக்கு வரவில்லை. கவுன்டர் பெண் கேட்டாள், “இது உங்க நம்பரா?” நீ பெருமையாகவே சொன்னாய், “எங்க ஊட்டுக்காரர் நம்பரு.” அவருக்குப் போன் போட்டாய். லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார், ஹாரன் சத்தம் எனக்கே கேட்டது. “இன்னா நம்பரு? ஒண்ணும் வர்ல” என்று வைத்துவிட்டார். இன்னொரு தடவை அனுப்பச் சொன்னோம். இன்னொரு தடவையும் “வர்ல.” கவுன்டர் பெண், “கொஞ்சம் தள்ளி நில்லுங்க, அடுத்தவங்க வரட்டும்” என்றாள். நீ தள்ளி நின்றாய். கையில் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தப் போஸ்டருக்குக் கீழேதான் நின்றாய்.

அவர் நம்பரை உன் அட்டையில் போட்டது யார்? நீயேதான். ரேஷன் கடையிலும், காஸ் புக்கிலும், பிள்ளையின் ஸ்கூலிலும், பாங்கிலும் நம்பர் கேட்ட இடத்தில் எல்லாம் அவர் நம்பரைச் சொல்லியிருக்கிறாய். நம் தெருவில் எல்லாருமே அப்படித்தான். உன் நம்பர் என்ன என்று யாராவது கேட்டால் போனை எடுத்துப் பார்த்துத்தான் சொல்வாய், அவர் நம்பர் மட்டும் வாய்ப்பாடு மாதிரி வரும். என் அட்டையில் என் நம்பர் இருந்ததே, அது என் சாமர்த்தியம் என்று நினைக்கிறாயா? அட்டைக்குப் போட்டோ பிடித்த வாரம் என் வீட்டுக்காரர் போன் தண்ணீர்க் குடத்தில் விழுந்து ரிப்பேருக்குப் போயிருந்தது. வேறு வழியில்லாமல் என் நம்பரைச் சொன்னேன். அவ்வளவுதான் உனக்கும் எனக்கும் வித்தியாசம். ஒரு குடம் தண்ணீர். அதனால் எனக்கு வேலை, உனக்கு இல்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நம்பரை மாற்றப் போனோம். மாற்ற வேண்டுமானால் விரல் ரேகை விழ வேண்டும். பத்து விரலையும் ஒவ்வொன்றாக அழுத்தினாய், மெஷின் சிவப்பாகவே காட்டியது. எலுமிச்சைத் தோலால் தேய்த்துக்கொண்டு மறுபடியும் போனாய், அப்போதும் விழவில்லை. வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி நீ சொன்னாய், “துணியத் தடவித் தடவி ரேகையெல்லாம் எக்ஸ்போர்ட் ஆயிட்ச்சும்மா.” எல்லாரும் சிரித்தார்கள். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

உன் வீட்டுக்காரருக்கு நம்பர் வந்தது, நன்றாகவே வந்தது என்று அன்றைக்கே உனக்குத் தெரியும். ஏன் சொல்லவில்லை என்றும் தெரியும். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் கோபம். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு நீ பதினாறு வருஷம் போனபோது ஒரு வார்த்தை சொன்னதில்லை. மழை நாளில் வண்டியில் கொண்டுவந்து விடுவார். அடுத்தவர் வீடு என்றதும்தான் அந்த மனுஷனுக்கு எங்கேயோ பிடித்துக்கொண்டது. “எங்கம்மா அடுத்தவன் மாட்டுக் கொட்டாய்ல சாணி அள்ளி எங்கள வளத்துச்சு. எம் பொண்டாட்டி அடுத்தவன் ஊட்டு கக்கூஸ் கழுவணுமா? நான் செத்தா பூட்டேன்?” என்று உன்னைக் கேட்டாராம். அதில் இருக்கிற வலி எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் நீ என்ன வேலைக்குப் போகலாம் என்பதை அந்த வலி ஏன் முடிவு செய்ய வேண்டும்? நீ அவரிடம் சண்டை போடவில்லை. எஸ்டேட்டில் பேக்கிங் வேலை, அரை ஷிஃப்ட் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு என்னிடம் வந்தாய்.

என் மாமியார் படுத்த படுக்கையாக இருந்த சமயம். காலையில் நான் இரண்டு வீடு முடித்துவிட்டு ஒரு மணிக்குள் வீட்டுக்கு வந்தாக வேண்டும். ஆனால் ஆப்பில் பாதி நாள் ஆஃப் செய்தால் அடுத்த நாள் வேலை குறையும். அதனால் மத்தியானத்துக்கு நீ கஸ்தூரி ஆனாய். தெருமுனை தண்ணீர் டேங்க் பக்கத்தில் என் போனை உன் கையில் கொடுப்பேன், நீலச் சட்டையையும் அட்டையையும் கொடுப்பேன். சாயங்காலம் திரும்ப வாங்கிக்கொள்வேன். சட்டை உனக்குப் பெரிது. கழுத்துக்குப் பின்னால் ஒரு ஊக்கு குத்திக்கொள்வாய். அட்டையில் என் மூஞ்சி இருப்பதால் அதைத் திருப்பிப் போட்டுக்கொள்வாய், போட்டோ நெஞ்சுப் பக்கம், வெள்ளைப் பக்கம் வெளியே. யாராவது கேட்டால் “ஃபேன் காத்துல திரும்பிக்குதும்மா” என்பாய்.

கஸ்தூரிக்கா என்று யாராவது கூப்பிட்டால் முதல் ஒரு வாரம் நீ திரும்பிப் பார்க்கவே இல்லை. காது மந்தம் என்று நினைத்து ஒரு அம்மா உன்னிடம் கத்திக் கத்திப் பேசினார்களாம். அப்புறம் பழகிவிட்டது. சாயங்காலம் டேங்க் பக்கத்தில் போனைக் கொடுக்கும்போது காலை நீவிக்கொண்டே, “நாலு மணி நேரம் கஸ்தூரியா இருந்ததுக்கே உசிரு போவுது. நீ எப்பிடித்தான் நாள் பூரா கஸ்தூரியா கீறியோ” என்பாய். இரண்டு பேரும் சிரிப்போம். அப்போது அது எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. இரண்டு மாசத்தில் ஆப்பில் என் நட்சத்திரம் நாலேகாலிலிருந்து கிட்டத்தட்ட ஐந்துக்குப் போனது. ஒரு நாள் அதை விரலால் தொட்டுப் பார்த்து, “இதுல எத்தினி எனுதுடி?” என்று கேட்டாய். “பாதிக்கு மேல உனுதுதான்” என்றேன். “எம் பேர்ல ஒண்ணே ஒண்ணு இருந்தாக்கூட போதும்” என்றாய். சட்டையை வாங்கிப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பினேன்.

அந்தப் பூந்தமல்லி நாளைப் பற்றி நீ எனக்குச் சொன்னது கால்வாசிதான் என்று இப்போதுதான் தெரிகிறது. நடு வேலையில் ஆப் திடீரென்று செல்ஃபி கேட்டது. அதற்கு முன்னால் காலையில் மட்டும்தான் கேட்கும், அதை நான் எடுத்துவிடுவேன். மத்தியானம் மூன்று மணிக்குக் கேட்கும் என்று யார் கண்டது? நீ பாத்ரூமுக்குள் போய், அட்டையைக் கழற்றி, அதில் இருக்கிற என் போட்டோவைப் போனுக்கு நேராகப் பிடித்திருக்கிறாய். ‘முகம் பொருந்தவில்லை.’ இன்னொரு தடவை பிடித்திருக்கிறாய். அப்புறம் வேறு வழியில்லாமல் உன் முகத்தையே காட்டியிருக்கிறாய். வேலை ரத்து, ஒரு நாளைக்கு ஐடி முடக்கம். நீ ஆவடி பஸ் பிடித்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து என் வாசலில் நின்றபோது சட்டையெல்லாம் நனைந்திருந்தது. “உம் பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டேன்டி” என்று அழுதாய். பாதியில் வந்துவிட்டாயா என்று கேட்டேன். “முடிச்சுட்டுத்தான் வந்தேன்” என்றாய். வேறு எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, எனக்கு என் ஐடி கவலை.

மறுநாள் ஆபீசில் போய் என் முகத்தைக் காட்டினேன். வெளிச்சம் சரியில்லாமல் இருந்திருக்கும் என்று அவர்களே ஒரு காரணத்தைச் சொல்லித் திறந்துவிட்டார்கள். அன்று மத்தியானம் டேங்க் பக்கத்தில் சட்டையை நீட்டினேன், நீ வாங்கவில்லை. “வாணாம்டி. இனிமே போனா எம் பேர்லதான் போவேன். அவராண்ட நெசத்த சொல்லப் போறேன். நீயும் கூட வா. கக்கூஸ் வேலை மட்டும் இல்ல, இது இன்னா வேலைன்னு நீ சொன்னா கேப்பாரு. உம் மேல அவருக்கு மரியாதை ஜாஸ்தி.”

நான் வரவில்லை. புருஷன் பெண்டாட்டி விஷயத்தில் நான் எதற்கு என்று சொன்னேன். உன்னை அந்த வேலைக்கு இழுத்துவிட்டவள் நான்தான் என்று தெருவில் பேச்சு வந்துவிடும் என்பதுதான் நிஜமான காரணம். அதை நீயும் புரிந்துகொண்டிருப்பாய். “சர்தான் உடு” என்றாய்.

தனியாகப் போய்ச் சொன்னாய். அவர் கத்தவில்லை. அடுத்த வாரம் மறுபடியும் ஆபீசுக்குப் போனோம், மறுபடியும் ஃபாரம். அவருக்கு நம்பர் போயிருக்கும் என்று கவுன்டரில் சொன்னார்கள். நீ ஸ்பீக்கரில் போட்டாய். “வந்துச்சா?” அந்தப் பக்கம் வண்டிச் சத்தம். “வந்துச்சு. அழிச்சுட்டேன்.” அவர் குரலில் கோபம்கூட இல்லை. கவுன்டர் பெண் கம்ப்யூட்டரைப் பார்ப்பது மாதிரி குனிந்துகொண்டாள். நீ ஃபாரத்தை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாய். “வாடி போலாம், சோறு வடிக்கணும்” என்றாய். அவ்வளவுதான் நீ சொன்னது.

அந்த மழைக் காலத்தில்தான் உனக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் வீட்டு மாத்திரை, நாலாம் நாள் ஆஸ்பத்திரி. உன் வீட்டுக்காரர் உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார், நானும் பின்னால் ஓடினேன். காப்பீட்டு அட்டையைக் கொடுத்ததும் கவுன்டரில் இருந்த பெண் சொன்னாள், “அட்டையில இருக்கிற நம்பருக்கு ஒரு நம்பர் வரும், சொல்லுங்க.” அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். வந்த உடனே படித்தார். ஆறு இலக்கத்தையும் ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்தி, ஹாலுக்கே கேட்கிற மாதிரி. “கேட்டுச்சா மேடம்? இன்னொரு தபா சொல்லட்டா மேடம்?” கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது. நான் பக்கத்தில் நின்று அவரை அறைய வேண்டும் என்று நினைத்தேன். அவரைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும் என்றும் நினைத்தேன். இரண்டையும் செய்யவில்லை. இரண்டாம் நாள் விடிகாலையில் நீ போய்விட்டாய்.

முந்தாநாள் கேடயம் கொடுத்த மேடையில் என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். மைக்கை வாங்கினேன். “இது நான் செஞ்ச வேலை இல்ல” என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன், சத்தமாகத்தான் சொன்னேன். அப்புறம் மேனேஜர், “பார்த்தீங்களா அக்காவோட அடக்கத்தை” என்றார். மறுபடியும் கைதட்டல். நான் மறுபடியும் வாயைத் திறப்பதற்குள் மைக் வேறு கைக்குப் போய்விட்டது. இந்தக் காலத்தில் உண்மையைச் சொன்னால் அடக்கம் என்கிறார்கள், என்ன செய்ய?

கூட்டம் கலைந்ததும் அவரே என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “அக்கா, நீங்க என்ன சொல்ல வந்தீங்கன்னு எனக்குப் புரியுது. புரிஞ்ச மாதிரி நான் காட்டிக்க மாட்டேன். ஐடிய இன்னொருத்தருக்குக் குடுத்தா நிரந்தரமா பிளாக், அதுதான் ரூல்ஸ். அடுத்த மாசத்துல இருந்து உங்களை டிரெய்னர் ஆக்குறோம். அந்தக் கதவுல ஆரம்பிச்சுக் கதவுல முடிக்கிறத வீடியோ எடுக்கப் போறோம், நீங்கதான் நடிக்கணும். நல்லதுக்குச் சொல்றேன், விட்டுடுங்க.” நான் தலையாட்டினேன். பார், தலையாட்டிவிட்டுத்தான் வந்தேன்.

உன் காலர் இனிமேல் என் வீடியோ. கம்பெனியின் மெஷின் எந்த மூஞ்சியைப் பார்த்து வேலையை ரத்து செய்ததோ, அந்த மூஞ்சி செய்த வேலைக்கு அதே கம்பெனி கேடயம் கொடுக்கிறது, அதுவும் வேறு மூஞ்சிக்கு. யாரிடம் போய் இதைக் கத்துவது? இரண்டு நாளாக இதைத்தான் வைத்துக்கொண்டு பாத்திரத்தைப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன்.

இன்று காலை கேடயத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். நான் அந்த வாசலில் ஏறி வெகுநாள் ஆகிறது. அவர் வேலைக்குப் போகாமல் வீட்டில்தான் இருந்தார், வண்டி வாசலில் நின்றது. இளைத்துவிட்டார். “வாம்மா” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. கேடயத்தை அவர் கையில் கொடுத்து, மேனேஜர் அனுப்பி வைத்த அந்தப் பூந்தமல்லி அம்மாவின் எழுத்தைப் போனில் பார்த்து முழுக்கப் படித்தேன். கஸ்தூரி என்று வருகிற இடத்தில் உன் பேரைச் சொல்லிப் படித்தேன்.

அவர் அசையாமல் கேட்டார். கைப்பிடி வந்ததும் மட்டும், “ஊட்லயும் அப்பிடித்தான். கைப்பிடிய தொட்ச்சுட்டுத்தான் உள்ள வருவா” என்றார். துண்டால் கேடயத்தைத் துடைத்தார். படிக்கத் தெரிந்தவர்தான், தங்கத் தகட்டில் விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அடியில் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

“இதுல அவ பேரு எங்கம்மா கீது?”

யோசிக்கவே இல்லை, வாயில் வந்துவிட்டது. “உங்க போன்லதான்ணே இருந்துச்சு. மூணு தபா வந்துச்சு.”

அவர் கேடயத்தை எடுத்துப்போய் அலமாரியில் உன் போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்தார். வைத்தவர் ஒரு தடவை பின்னால் வந்து பார்த்துவிட்டு, மறுபடி போய் அதைத் திருப்பி வைத்தார். என் பேர் சுவர்ப் பக்கம் போய்விட்டது. இந்தப் பக்கம் நட்சத்திரம் மட்டும் தெரிந்தது. நீ அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொள்வதை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. என்னால் அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை, பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கேடயம் உன் வீட்டிலேயே இருக்கட்டும். என் வீட்டுக்காரர் டிவி ஸ்டாண்டைப் பார்த்துக் கேட்டால் ஏதாவது சொல்லிக்கொள்கிறேன்.

அடுத்த மாசம் புது பேட்ச் வருகிறது. வேப்பம்பட்டிலிருந்து, திருநின்றவூரிலிருந்து எல்லாம் வருவார்களாம். ஃபாரத்தில் பேருக்கு அடுத்த கட்டம் போன் நம்பர். வாய்ப்பாடு மாதிரி மளமளவென்று நம்பர் சொல்கிறவளை நான் நிறுத்தப் போகிறேன். போனைப் பார்க்காமல் சொன்னால் அது அவளுடையது இல்லை, உன்னிடம் பார்த்துத் தெரிந்துகொண்டது. அவளைக் கூட்டிக்கொண்டு போய் அவள் பேரில் ஒரு சிம் வாங்கி, அந்த நம்பரை அட்டையில் ஏற்றின பிறகுதான் ஃபாரம். ரேகை விழவில்லை என்றால் விழுகிற வரைக்கும் நான் கூட நிற்பேன். வீட்டில் பேச வேண்டும் என்று கூப்பிட்டால் வீட்டுக்கும் போவேன். மேனேஜர் நேரமாகிறது என்று கத்துவார், கத்தட்டும்.

எழுதின வரைக்கும் படித்துப் பார்த்தேன். லீவ் லெட்டரில் முதல் வரியில் பேர் இல்லாவிட்டால் சூப்பர்வைசர் மூஞ்சியில் விட்டெறிவார், ஞாபகம் இருக்கிறதா? இந்த மடலில் என் பேர் எத்தனை இடத்தில் வருகிறது பார். உன் பேர் ஒரு இடத்தில்கூட இல்லை. பயம் என்று சொல்ல முடியாது, என் குட்டு முழுக்க இதிலேயே உடைந்து கிடக்கிறது. உன் பேர் வெளியே வந்துவிடக் கூடாது என்று மாசக்கணக்கில் நாக்கைக் கடித்துப் பழகிய பழக்கம். அவர் மூன்று தடவை அழித்தார் என்று காலையில் அவ்வளவு ரோஷமாகச் சொல்லிவிட்டு வந்தவள், நான் நாள் தவறாமல் அதைத்தான் செய்திருக்கிறேன்.

காகிதத்தின் தலையில் ஒரு வரிக்கு இடம் விட்டுத்தான் ஆரம்பித்திருக்கிறேன். பேனாவை இன்னும் மூடவில்லை.